குருவம்மாளின் இறகுத் தூண்டில்

புருஷனுடைய வாயிலிருந்து தப்பிக்கத்தான் குருவம்மாள் முதன்முதலில் தூண்டில் கம்பைக் கையில் எடுத்தாள். மீன்மேல் அவளுக்கு அப்படி ஒன்றும் ஆசை கிடையாது. வடகரையில் நெல்லுக்கும் தென்னைக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவள். ஆற்றைப் பார்த்தால் அழுக்குத் துணி ஞாபகம் வரும், அவ்வளவுதான்.

புருஷன் நம்பிராஜன் பட்டாளத்துக்காரன். ஜெர்மன் சண்டையில் பஸ்ரா வரை போய் உயிரோடு திரும்பியவன். சண்டை முடிந்த பிறகு ஒரு கேப்டன் துரைக்கு ஆர்டர்லியாக நீலகிரியில் சில வருஷம் இருந்தான். அந்தத் துரைக்கு மீன் பைத்தியம். அங்கே ஐஸ் மாதிரி ஓடுகிற ஓடைகளில் டிரவுட்டு என்று ஒரு சீமை மீனைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அதைப் பிடிக்கப் புழு கூடாது, மாவு கூடாது. சேவலின் கழுத்து இறகையும் பட்டு நூலையும் சின்னத் தூண்டில் முள்ளில் சுற்றி ஈயைப் போல ஒன்றைச் செய்து, நீளமான நூலில் கட்டி, தலைக்கு மேல் முன்னும் பின்னுமாக வீசித் தண்ணீர்மேல் மெத்தென்று இறக்க வேண்டும். மீன் அதை நிஜப் பூச்சி என்று நம்பி எழும்பிக் கவ்வும். இறகு கட்டிக் கொடுப்பதும் கூடை சுமப்பதும் நம்பிராஜன் வேலை. துரை சீமைக்குக் கப்பலேறும்போது தன் பழைய மூங்கில் கம்பையும், நூல் சுற்றுகிற பித்தளைச் சக்கரத்தையும், ஒரு தகரப் பெட்டி நிறைய முள்ளையும் இவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

சண்டைக்குப் போனவன் துப்பாக்கிக் கதையோடு வருவான் என்று ஊர் காத்திருந்தது. இவன் இறகுக் கதையோடு வந்து சேர்ந்தான். ஊருக்குப் பெரிய ஏமாற்றம். ‘இறகுப் பட்டாளம்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. வயல் வேலை போக மிச்ச நேரத்தில் ஆற்றுக்குப் போனான், பிடித்தான், குற்றாலத்துச் சீசன் பங்களாக்களில் சமையல்காரர்கள் அவன் மீனுக்குக் காத்திருந்தார்கள்.

அவர்கள் ஊர் குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவே சிற்றாற்றங்கரையில் இருந்தது. ஊருக்கு மேற்கே ஒரு பழைய கல் அணைக்கட்டு. அதன் நடுவில் தண்ணீர் வெளியேற வழி விட்டு, அந்த வழியை மரப் பலகைகளால் அடைத்துத் திறப்பார்கள். பலகை போட்டால் தண்ணீர் வாய்க்காலுக்குத் திரும்பி வயலுக்குப் போகும். பலகையை எடுத்தால் ஆற்றோடு போகும். அணைக்குக் கீழே விழுந்து விழுந்து தண்ணீர் ஒரு ஆழமான கசத்தைத் தோண்டி வைத்திருந்தது. பொன் செதிலும் வாயோரம் மீசையுமாகப் பெரிய கெண்டைகள் அதில் கிடந்தன.

செங்கோட்டை ரோட்டில் ஒரு நாள் வண்டி குடை சாய்ந்து நம்பிராஜனின் இடது முழங்கால் நொறுங்கியது. வைத்தியர் கட்டிக் கட்டி அவிழ்த்தார். எலும்பு கூடியது, ஆனால் கால் மடங்கவில்லை. வயலைத் தம்பிக்காரன் பார்த்துக்கொண்டான். வழுக்குப் பாறையில் நின்று வீச முடியாதவன் வீட்டில் உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து குழம்பில் உப்பைப் பார்த்தான், கோழி அடைகாக்கும் லட்சணத்தைப் பார்த்தான், மகள் செண்பகவல்லி கோலம் போட்டதில் கோணலைப் பார்த்தான். மூன்று மாதம் பொறுத்த குருவம்மாள் ஒரு காலையில் மூலையில் சார்த்தியிருந்த கம்பைத் தூக்கினாள்.

“வாங்க ஆத்துக்கு. கரையில உக்காந்து எப்படி வீசணும்னு சொல்லுங்க, நான் வீசுதேன். அந்த வாய்க்கு ஒரு வேலை வேணும்லா.”

“ஏளா, இது ஒலக்கை இல்ல. துரை கம்பு.”

“துரை என்ன, வானத்துல இருந்தா எறங்குனாரு? அவருக்கும் ரெண்டு கைதான.”

முதல் வாரம் முள் அவள் சேலையில் மாட்டியது, மருத மரத்தில் மாட்டியது, ஒரு தடவை அவள் காது மடலிலேயே மாட்டியது. துணி துவைக்க வந்த பெண்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. “குருவம்மா, மீனுக்கு வேக்குதுன்னு விசிறி விடுதியாட்டி?” என்று எதிர்க்கரையிலிருந்து இசக்கி கேட்பாள். “ஆமாட்டி, ஒனக்கும் சேத்துத்தான். கிட்ட வா” என்பாள் இவள். நடவுக்கு இறங்குகிறது போலச் சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நின்றவள், பார்க்கிறவர்கள் பார்த்து அலுக்கும்வரை நின்றாள்.

கரையில் நம்பிராஜன் ஓயவில்லை. “தண்ணி வடியும்போதுதான் டிரவுட்டு மேல வரும். இப்ப வீசு!”

“இது டிரவுட்டு இல்ல, கெண்டை. இதுக்கு இங்கிலீசு தெரியாது.”

அவன் சொல்வதைப் பாதி கேட்டாள், மீதிக்குத் தண்ணீரைப் பார்த்தாள். பலகை போட்டுத் தண்ணீர் சட்டென்று வடிந்தால் கசம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். நூலின் நிழல் விழுந்தாலே மீன் பாறைக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். மலையில் மழை பெய்து செந்தண்ணீர் வந்தாலும் பிரயோஜனமில்லை. பலகை எடுத்து, தண்ணீர் நுரையடித்துக்கொண்டு ஒரே சீராக விழுகிறபோதுதான் கெண்டை வெள்ளை நுரையைப் பார்த்துத் தலைவைத்து நிற்கும். இறகு விழுந்த மாத்திரத்தில் எழும்பும். அந்தச் சமயம் பார்த்து அவள் போனாள். பிடித்தாள். இரண்டு சீசனுக்குள் பங்களாச் சமையல்காரர்கள் நம்பிராஜன் பேரை விட்டுவிட்டுக் குருவம்மாள் பேரைச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த மீனால்தான்.

இப்படி இருக்கையில் செண்பகவல்லிக்கு வரன் வந்தது.

குத்துக்கல்வலசைச் சிவனணைந்தபெருமாள் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிடும். அவர் மகனும் பாளையங்கோட்டையில் போலீஸ். குற்றாலத்து விசுத் திருவிழாவில் பையன் செண்பகவல்லியைப் பார்த்திருக்கிறான். அவளும் பார்க்காமல் இல்லை. விஷயத்தைக் கொண்டுவந்தவன் நம்பிராஜனின் சித்தப்பா மகன் குத்தாலிங்கம். வந்தவன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே இருந்தான். குருவம்மாளுக்கே பொறுக்கவில்லை.

“துப்பிட்டுச் சொல்லும் கொழுந்தனாரே. என்ன கொறைங்காரு?”

“கொறைன்னு இல்ல மைனி. பொண்ணு பிடிச்சிருக்கு. குடும்பம் பிடிச்சிருக்கு. நீங்க ஆத்துல கம்பு பிடிச்சுக்கிட்டு நிக்கியளாம்லா... அதக் கல்யாணத்துக்கு முன்ன நிறுத்திருங்கன்னு சொல்லுதாரு. போலீசுக்காரன் மாமியா முழங்காலுக்கு மேல சேலையத் தூக்கிக்கிட்டு நின்னா நாலு பேரு என்ன சொல்லுவான்?”

“இவ்வளவு நாளா சொன்னதைத்தான் சொல்லுவான்.”

“வார ஞாயித்துக்கெழமை வாராக. சாப்பாடு ஏற்பாடு பண்ணுங்க. ஏட்டையாவுக்கு மீன் இல்லாம சோறு எறங்காது, பாத்துக்கிடுங்க.”

அந்தப் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் பேச்சு முடியாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். வெற்றிலை எடுப்பார்கள், மோர்கூடக் குடிப்பார்கள். சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதன் பிறகு பின்வாங்கினால் பெரிய அவமானம். இலையை அப்படியே விட்டு எழுந்தால் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை இலை போட்டபின் ஏட்டையாவின் வலது கையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

குத்தாலிங்கம் போனதும் நம்பிராஜன் சொன்னான்: “இலஞ்சிக் கொளத்து விரால் வாங்கிப் போடுவோம். கம்பைக் கொஞ்ச நாள் பரண்ல வச்சிட்டா ஆச்சு. கல்யாணம் முடிஞ்ச பொறவு பாத்துக்கிடலாம்.”

“கல்யாணம் முடிஞ்ச பொறவு நான் ஆத்துக்குப் போவாம இருக்கவா போறேன்? அடுப்பு என்ன உங்க மெடலைப் போட்டா எரியுது? அப்ப வந்து அவுக சண்டை போடுவாக, அதுக்கு எம்மவ அங்கன இருந்து அழுவா. அந்தச் சண்டைய இப்பமே போட்டுக்கிடட்டும். நான் பிடிச்ச மீனத்தான் போடப் போறேன். கேட்டா சொல்லவும் போறேன்.”

அம்மி அருகில் இருந்த செண்பகவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. “ஒனக்கு என்னையவிட அந்தக் கம்புதான் பெருசு.”

“பெருசு சிறுசு பாக்க இங்க என்ன தராசா இருக்கு? ஒளிச்சுக் கட்டிக்குடுத்தா நீதான் அங்கன காலம்பூரா ஒளிச்சுக்கிட்டுத் திரியணும்.”

“அவுக சாப்பிடாம எந்திரிச்சுப் போயிட்டா?”

அன்று முழுக்க மகள் அவளோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. குருவம்மாள் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை; ஆனால் சனிக்கிழமை சோறு வடிக்கும்போது கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டாள்.

ஆனி மாதம். சாரல் தொடங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புருஷனை ஒரு கையாலும் கம்பை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு அணைக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அணையில் தண்ணீர் விழவில்லை. கசம் வடிந்து, பச்சைக் கண்ணாடியாக அசையாமல் கிடந்தது. அடிக்கல்கூடத் தெரிந்தது.

பலகைப் பக்கத்திலிருந்து மடை பார்க்கிற மாடன் சிரித்துக்கொண்டு இறங்கி வந்தான்.

“எப்படிக்கா இருக்கு? இன்னைக்கு மாப்பிள்ளை வீடு வருதுன்னு கேள்விப்பட்டேன். அக்கா மொழங்கால் தண்ணில சொகமா நின்னு பிடிக்கட்டும்னு ராத்திரியே எல்லாப் பலகையையும் போட்டுட்டேன்.”

குருவம்மாளுக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. வருஷக்கணக்காக அவள் தண்ணீரில் தடுமாறுவதைப் பார்த்து இரக்கப்பட்டவன், தன்னால் ஆன ஒரே உபகாரத்தைச் செய்திருக்கிறான்.

“மாடா, நீ நல்லாருப்பே. ஆனா நான் நிக்கதுக்கா தண்ணி? மீன் நிக்கதுக்குல்லாலே தண்ணி!”

“ஐயோ! அப்படியாக்கா?”

“தொற, தொற.”

“நான் ஒத்தையில எப்படிக்கா? பலகை தண்ணி குடிச்சு ஊதிக் கெடக்கு. கொக்கி போட்டு இழுக்கணும்னா நாலு ஆள் வேணும். எல்லாவனும் வயலுக்குப் போயிட்டான்.”

நம்பிராஜன் பாறைமேல் காலை நீட்டி உட்கார்ந்தபடி, “நாந்தான் சொன்னம்லா, வடியிற தண்ணிலதான்...” என்று ஆரம்பித்தான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் டிரவுட்டு அவன் வாய்க்குள்ளேயே செத்துப்போயிற்று.

இருந்தாலும் வீசிப் பார்த்தாள். இறகு விழுந்த இடத்திலிருந்து வட்டம் வட்டமாக அலை பரவிக் கரையைத் தொட்டது. அடியில் ஒரு நிழல் பாறைக்குள் நுழைந்தது. இன்னொரு தடவை. ஒன்றுமில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இதற்குள் வீட்டில் மகள் மசாலா அரைத்து முடித்திருப்பாள். இலஞ்சிக்கு ஆள் அனுப்பினால் விரால் வர நேரமிருக்கிறது. அனுப்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். அந்த நினைப்பு வந்ததே அவளுக்குக் கோபத்தைக் கிளப்பிவிட்டது.

ராத்திரி வரைக்கும் நுரையில் தலைவைத்து நின்ற மீன்கள் தண்ணீர் குறையக் குறைய எங்கே போயிருக்கும்? எல்லாமா பாறைக்குள் நுழைந்திருக்கும்? சில தண்ணீரோடு கீழே நழுவியிருக்கும். கீழே, ஆறு வளைகிற இடத்தில், மருத மரத்தடியில் இன்னொரு கசம் உண்டு. இலையும் முள்ளும் அடர்ந்த கரை. நம்பிராஜனால் அங்கே வர முடியாது.

“நான் மருதமரத்துக்குப் போறேன். நீங்க இங்கனயே இருங்க.”

“ஏளா, அங்கன வீச எடம் கெடையாது! ஒத்தையில போவாத!”

அவள் போய்விட்டாள்.

மருதமரத்துக் கசத்தில் தண்ணீர் நடுவில் இடுப்பளவு, அவள் நின்ற ஓரத்தில் கணுக்கால் அளவுதான்; ஆனால் வயல் வடிகால் வந்து சேர்வதால் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் கிளைகள். தலைக்கு மேல் வீச முடியாது. கம்பைத் தாழ்த்திப் பக்கவாட்டில், வாசலில் சாணித் தண்ணீர் தெளிக்கிற மாதிரி வீசினாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. துரை பார்த்திருந்தால் முகத்தைச் சுளித்திருப்பார். கரையிலிருந்து சத்தம் போட ஆளில்லாதது காதுக்கு விநோதமாக இருந்தது. இறகு வேரோரம் விழுந்து, சுழன்று, நடுத் தண்ணீருக்கு வந்தது. திரும்பத் திரும்ப வீசினாள். சின்னக் கெண்டை ஒன்று மாட்டியது. ஏட்டையாவின் இலைக்கு அது ஓரத்துக்குக்கூடக் காணாது. இடுப்பில் முடிந்துகொண்டாள்.

மேற்கே மலை கறுத்துக் கிடந்ததை அவள் கவனிக்காமலில்லை. மலைக்கு மேல் கொட்டினால் இங்கே வந்துசேர நேரமாகும் என்று கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் மலைத் தண்ணீர் அதற்குள் வந்து, வாய்க்காலுக்குள் அடங்காமல் அணையில் முட்டியதும், மாடன் பயந்துபோய் வயலில் இருந்தவர்களைக் கூப்பிட்டதும், அத்தனை பேரும் கொக்கி போட்டு எல்லாப் பலகையையும் ஒரே மூச்சில் பிடுங்கியதும் அவளுக்குத் தெரியாது. “ஏலே, தொறக்காதிய! கீழ அவ நிக்கா!” என்று நம்பிராஜன் கத்தினதும், “தொறக்காட்டி கரை ஒடைஞ்சிரும் அண்ணாச்சி!” என்று அவர்கள் பதில் கத்தினதும் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது.

அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நுரை வந்தது. நுரையோடு காய்ந்த இலையும் சருகும் வந்தன. கணுக்காலைச் சுற்றியிருந்த தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது, சில்லென்று ஏறியது. இன்னும் கலங்கவில்லை. கரைக்கு ஏற வேண்டிய நேரம் அது என்று நன்றாகத் தெரியும். கூடவே இன்னொன்றும் தெரியும்: புதுத் தண்ணீர் பட்டதும், கலங்கல் வருமுன், கொஞ்ச நேரம் மீன் பைத்தியம் பிடித்தாற்போல எழும்பும்.

இன்னும் ஒரு வீச்சு என்று நினைத்து வீசினாள். ஒன்றுமில்லை. இன்னும் ஒன்று.

தண்ணீர் பிளந்தது. பொன்னாக ஒரு முதுகு தெரிந்து மறைந்தது. கம்பு வில்லாக வளைந்து, சக்கரம் கிறீச்சிட்டுச் சுழன்றது. மீன் ஆற்றோடு கீழே ஓடியது. தண்ணீர் இப்போது இடுப்பில். காலடியில் சரளைக்கல் நழுவியது. கம்பைப் போட்டுவிட்டால் வேரைப் பிடித்து ஏறிவிடலாம். போட்டால் கம்பும் போச்சு, மீனும் போச்சு. அவள் போடவில்லை. ஒரு கையால் கம்பை உயர்த்திப் பிடித்து, மறு கையால் தண்ணீரில் தாழ்ந்து கிடந்த கிளையை எட்டினாள். கிளை முறிந்தது. அடுத்த கிளையைப் பிடித்தாள். அது தாங்கியது. ‘இசக்கி பாக்கணும் இப்ப, யாருக்கு வேக்குதுன்னு’ என்று அந்த நேரத்தில் ஏன் தோன்றியது என்று அவளால் பிற்பாடு சொல்ல முடிந்ததில்லை.

கரையேறியதும் நிற்கவில்லை. மீன் இழுத்த பக்கமே முள்ளில் கிழிபட்டுக்கொண்டு நடந்தாள். நூல் தளர்ந்தால் சுற்றினாள், இழுத்தால் விட்டாள். ஆறு சிவந்துகொண்டு வந்தது. வளைவுக்கு அப்பால் தண்ணீர் கரைமேல் ஏறி, வயலோரப் புல்லில் பரவியிருந்தது. மீனை அந்தப் பக்கம் ஒதுக்கினாள். புல்லுக்குள் வந்து அது பக்கவாட்டில் சாய்ந்ததும், கம்பைக் கீழே வைத்து, இரண்டு கையையும் செவுளுக்குள் விட்டு, பிள்ளையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்து வரப்பில் ஏறிக் குப்புற விழுந்தாள். அவள் கை நீளத்துக்கு இருந்தது.

வரப்பில் நம்பிராஜன் வந்துகொண்டிருந்தான். மடங்காத காலை இழுத்துக்கொண்டு, வேட்டி எங்கோ சிக்கிக் கிழிந்து, முகம் சாம்பலாக. அவளைப் பார்த்ததும் நின்றான்.

“கம்பு எங்கட்டி?”

“நல்ல மனுசன்! நான் முழுசா இருக்கனான்னு கேட்டிட்டுக் கம்பைக் கேளுங்க.”

“நீதான் தெரியுதியே. கம்பத்தானே காணோம்” என்றவன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். அவள் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து சேலையைப் பிழிந்தாள்.

மத்தியானம் ஏட்டையாவும் அவர் மனைவி ரெங்கம்மாளும் வந்தார்கள். கூடவே குத்தாலிங்கம். ஏட்டையா ஆறடி உயரம். மீசையை ஓய்வுக்குப் பிறகும் உத்தியோக காலத்துப் பருமனிலேயே வைத்திருந்தார். முன்கூடமான பட்டாசலில் ஆண்கள் உட்கார, ரெங்கம்மாளை அடுக்களைக்கு அழைத்துப் போனாள் குருவம்மாள். ஒல்லியான மனுஷி. வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. சட்டியில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பையும், குருவம்மாளின் கையில் முள் கிழித்த கீறல்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இது நீங்க பிடிச்சதா?”

அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த செண்பகவல்லி விறகைத் தள்ளுவதை நிறுத்தினாள். “ஆமா மைனி” என்றாள் குருவம்மாள். “இன்னைக்குக் காலம்பற.”

“இவ்வளவு பெருசையா? எப்படி?”

குருவம்மாள் அகப்பையைக் கம்பாகப் பிடித்துப் பக்கவாட்டில் வீசிக் காட்டினாள். அகப்பையில் ஒட்டியிருந்த குழம்பு சுவரில் தெறித்தது. ரெங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது, சிரிக்கிறாள் என்று தெரியச் சற்று நேரமாயிற்று.

“எங்க வீட்டுல அவுக பிடிச்சுக்கிட்டு வந்தது பூராம் கள்ளப்பயலுவ. ஒருத்தனையாவது கொழம்பு வைக்க முடியுமா?” என்றாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள். “கொஞ்சம் விடுங்க. உப்புப் பாப்போம்.”

“மைனி... அங்கன பேச்சு இன்னும் முடியல.”

“உப்புப் பாக்கதுக்கு என்ன பேச்சு? விடுங்க.”

குருவம்மாள் அகப்பையைச் சாய்த்தாள்.

பட்டாசலில் இலை போட்டாயிற்று. சோறு விழுந்தாயிற்று. ஏட்டையா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, மீன் துண்டையே பார்த்தார். திருட்டுச் சாமானைப் பார்க்கிற பார்வை.

“கொளத்து மீன் மாதிரி தெரியலையே. யாரு பிடிச்சது?”

நம்பிராஜன் கூரையைப் பார்த்தான். குத்தாலிங்கம் வெற்றிலைத் தட்டைப் பார்த்தான். குருவம்மாள் குழம்புச் சட்டியோடு அடுக்களை வாசற்படியில் நின்றாள். தன் சேலை முந்தியைச் செண்பகவல்லி பின்னாலிருந்து பிடித்து இழுப்பது தெரிந்தது. இழுக்கட்டும் என்று விட்டாள்.

“நாந்தான் பிடிச்சேன் அண்ணாச்சி. நீங்க சொல்லி விட்டது காதுல விழுந்துச்சு. ஆனா நாளைக்கும் போவேன். இவுகளுக்குக் கால் முடியாது. இந்த வீட்டுல நாங்க கஞ்சி குடிக்கது அதுலதான். ஒளிச்சு வச்சு உங்களுக்குச் சோறு போட எனக்கு மனசு வரல. பிடிக்கலன்னா எலைய மடக்கிருங்க. நான் கோவிச்சுக்கிட மாட்டேன்.” சட்டியை இன்னும் சற்று உயர்த்திப் பிடித்தாள். “மீனு நல்ல மீனு. அதையும் சொல்லிட்டேன்.”

வெளியே சாரல் ஓட்டில் விழுகிற சத்தம் கேட்டது. ஏட்டையாவின் விரல்கள் வேட்டி மடிப்பை நீவின. எழுந்திருக்கப் போகிறார் என்று குருவம்மாளுக்குத் தோன்றியது. சட்டியின் சூடு கையில் ஏறியது, கீழே வைக்கவில்லை.

“உப்பு சரியாத்தான் இருக்கு” என்று அவளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. ரெங்கம்மாள். “கொஞ்சம் புளி கூட. ஆத்து மீனுக்கு அப்படித்தான் இருக்கணும்.”

ஏட்டையா தலையைத் தூக்கினார். மனைவியின் உள்ளங்கையைப் பார்த்தார். மசாலாச் சிவப்பு விரல் நுனிவரை இருந்தது.

“ஏளா, கை நனைச்சிட்டியா?”

“உப்புல்லா பாத்தேன்.”

“உப்புப் பாத்தாலும் நனைச்சது நனைச்சதுதானே அண்ணாச்சி!” என்று குத்தாலிங்கம் பாய்ந்தான். அவனுக்கு அன்றைக்கு அதுதான் சந்தர்ப்பம்.

“நீரு சும்மா இரும்” என்றார் ஏட்டையா. மனைவியைப் பார்த்தார். அவள் பார்வையை இறக்கவில்லை. “சர்வீஸ்ல இருந்தப்பவும் இவ இப்படித்தான். நான் விசாரணைய முடிக்குமுன்ன வீட்டுல இருந்து கள்ளனுக்குச் சோறு வந்துரும்.” பிறகு டம்ளர்த் தண்ணீரை எடுத்துக் கையை அலம்பி, சோற்றைப் பிசைந்தார்.

ஏட்டையா மென்றார், விழுங்கினார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “நடுத்துண்டு இன்னொண்ணு இருக்கா?” என்றுதான் கேட்டார். செண்பகவல்லி அடுக்களைக்குள் ஓடி, அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

சாப்பிட்டு எழுந்தபின் ஏட்டையாவுக்கு ஏட்டையாவாக எதையாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

“ஒண்ணு மட்டும். கல்யாண வாரத்துல ஆத்துல நிக்கப் பிடாது, பாத்துக்கிடுங்க. எங்க சாதிசனம் பூராம் இந்த ரோட்டுலதான் வரும்.”

“அதுக்கென்ன அண்ணாச்சி” என்றாள் குருவம்மாள்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. சொன்னபடியே அந்த வாரம் அவள் ஆற்றுப் பக்கம் போகவில்லை. ஏட்டையா சொன்னதற்காகவா என்று இசக்கி துருவித் துருவிக் கேட்டாள். தண்ணீர் கலங்கல், அதனால்தான் போகவில்லை என்று சொன்னாள் குருவம்மாள். கேட்ட அத்தனை பேரிடமும் அதையே சொன்னாள். மறுவீடு முடிந்து மகளையும் மருமகனையும் வண்டியேற்றி அனுப்பிய காலையில், வாசலில் கட்டிய வாழை மரத்தைக்கூட அவிழ்க்காமல், நம்பிராஜனை ஒரு கையிலும் கம்பை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு அவள் அணைக்குப் போவதை ஊர் பார்த்தது.